மலைக்கு ஓடுவதா, பக்கத்து ஊரா, நீண்ட ரயிலா: எங்கள் வீட்டின் ஓராண்டுப் பயணக் கணக்கு

டிசம்பர் வந்தால் எங்கள் வீட்டில் ஒரு பஞ்சாயத்து கூடும். அடுத்த ஆண்டு எங்கெங்கே போவது என்பதுதான் வழக்கு. இந்த முறை அதற்கு முன்பாக ஒரு வேலை செய்தேன். 2025-இல் நாங்கள் போய்வந்த ஊர்களை ஒரு நோட்டில் வரிசையாக எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மூன்று விஷயம் குறித்தேன்: மொத்தச் செலவு, வண்டியில் உட்கார்ந்திருந்த நேரம், போன ஊரில் கால் தரையில் பட்ட நேரம். மூன்றாவதுதான் என் கண்ணைத் திறந்தது.

முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்த ஒப்பீடு எல்லா வீட்டுக்கும் அப்படியே பொருந்தாது. ஸ்ரீரங்கத்தில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மகள் ஒன்பதாவது, மகன் இரண்டாவது படிக்கிறார்கள். கணவரின் அம்மா எங்களோடு இருக்கிறார். அத்தைக்கு 71 வயது, இரண்டு முழங்காலும் வலி. ஐந்து பேருக்கு ஒரு சிறிய கார். பின் இருக்கையில் அத்தைக்குக் கால் நீட்ட இடமில்லை. இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் எங்கள் ஆண்டின் பாதியைத் தீர்மானித்தது இதுதான்.

வழக்கில் மூன்று தரப்பு. சனி ஞாயிறோடு ஒரு நாள் சேர்ந்து கிடைத்தாலும் மலைக்குப் போய்விட வேண்டும் என்பது கணவரின் கட்சி. "இந்த வெயில்ல இருந்து தப்பிச்சா போதும்" என்பார். திருச்சி வெயிலில் தினமும் பைக் ஓட்டுகிறவர் அப்படிச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சின்னச் சின்னப் பயணங்களை எல்லாம் விட்டுவிட்டு, பணத்தைச் சேர்த்து ஒரே ஒரு பெரிய பயணம் போகலாம் என்பது மகளின் கட்சி. அத்தை கேட்பது எளிமையானது. "காலையில கிளம்பணும், ராத்திரி நம்ம கட்டில்ல வந்து படுக்கணும்."

2025-இல் மூன்றையும் செய்து பார்த்திருந்தோம். திட்டமிட்டு அல்ல, அப்படி அமைந்துவிட்டது. அதனால் மூவர் சொல்வதையும் எடைபோட நோட்டில் கணக்கு இருந்தது.

மலைக்கு ஓடிய மூன்று நாள்

2025-இல் ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை. சனி, ஞாயிறு சேர்ந்து மூன்று நாள். கொடைக்கானல் என்று முடிவானது. கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் சொந்த வண்டியில் போக இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதம் தொடங்கிய ஏற்பாடு இது. கட்டணம் கிடையாது, இணையத்தில் வண்டி எண்ணையும் தேதியையும் பதிந்தால் வந்துவிடும். கோடைக் காலத்துக்கு மட்டும் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று வரம்பு வைத்தார்கள். கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000. நாங்கள் போனது கோடை அல்ல. ஆனாலும் நாம் நினைத்ததையே தமிழ்நாட்டில் பாதிப் பேர் நினைத்திருப்பார்கள் என்பது வத்தலக்குண்டு தாண்டியதும் புரிந்தது.

ஸ்ரீரங்கத்திலிருந்து கொடைக்கானல் சுமார் 200 கிலோமீட்டர். விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பினோம். மலை அடிவாரத்துக்கு வேகமாகப் போய்விட்டோம். மேலே ஏற ஏற வண்டிகள் நெருங்கின. வெள்ளி நீர்வீழ்ச்சிக்கு முன்னால் அரை கிலோமீட்டரைக் கடக்க முக்கால் மணி நேரம். மகனுக்கு வளைவுகளில் வாந்தி. அத்தை ஒரு வார்த்தை சொல்லாமல் முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே வந்தார். விடுதிக்குள் நுழையும்போது பகல் 1 மணி. முன்பதிவின்போது தரைத்தள அறை தருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். போனபோது இருந்தது இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. அத்தை ஒருமுறை ஏறினார். அப்புறம் ஊருக்குத் திரும்பும் நாள்வரை இறங்கவில்லை.

மறுநாள் ஏரி, கோக்கர்ஸ் வாக், பிரையண்ட் பூங்கா என்று நாங்கள் நால்வர் மட்டும் சுற்றினோம். 1863-இல் உருவாக்கிய அந்த நட்சத்திர ஏரி அழகு, அதில் சந்தேகமில்லை. மூடுபனி ஏரிமேல் இறங்கியபோது மகள் பேச்சை நிறுத்திவிட்டு நின்றாள். ஆனால் அந்தக் காலைப்பொழுதுக்கு முன்னும் பின்னும் வரிசைதான். படகுக்கு வரிசை, சாப்பாட்டுக்கு வரிசை, வண்டி நிறுத்த வரிசை. ஞாயிறு காலை 9 மணிக்குக் கிளம்பி வீடு சேர மாலை 4 ஆனது. திங்கள்கிழமை நான்கு பேரும் தூங்கி வழிந்தோம்.

நோட்டில் இப்படி இருக்கிறது: செலவு 29,000 ரூபாய். வண்டியில் 15 மணி நேரம். ஊரில் நடந்தது 9 மணி நேரம். அத்தைக்கு அந்தக் கடைசி எண் பூஜ்யம். அவருக்கும் சேர்த்துத்தான் இரண்டு அறை எடுத்திருந்தோம்.

குற்றாலத்தையும் இதோடு சேர்க்க வேண்டும். ஜூலையில் ஒரு சனி ஞாயிறு, போக 300 கிலோமீட்டர், வர 300. சாரல் நன்றாக இருந்தது. ஆனால் நாங்கள் போய்ச் சேர்ந்த மாலையில் பேரருவியில் வெள்ளம் அதிகமாகிக் குளிக்கத் தடை போட்டார்கள். ஐந்தருவியிலும் அப்படியே. மறுநாள் 10 மணிவரை காத்திருந்தோம், தடை எடுக்கவில்லை. பாதுகாப்புக்காகச் செய்வது, குறை சொல்ல ஒன்றுமில்லை. அருவி என்றால் அப்படித்தான். நான்கு நாள் தங்குகிறவருக்கு ஒரு நாள் தடை ஒன்றும் செய்யாது. ஒரு ராத்திரி தங்கப் போனவர் துண்டைக்கூட நனைக்காமல் திரும்ப வேண்டியதுதான். 14,000 ரூபாய், 12 மணி நேர வண்டி. மகன் ஞாயிறு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். அவனைச் சமாதானப்படுத்த என்னிடம் ஒன்றும் இல்லை.

இரண்டும் சேர்ந்து 43,000. ஆண்டு முழுவதும் பயணத்துக்குச் செலவிட்டது 1,18,000. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த இரண்டுக்கே போயிருக்கிறது.

காலை போய் இரவு திரும்பியவை

பிப்ரவரியில் சித்தன்னவாசல். எங்கள் வீட்டிலிருந்து ஒன்றேகால் மணி நேரம்கூட ஆகாது, புதுக்கோட்டை போகும் வழியில் திரும்ப வேண்டும். இத்தனை ஆண்டுகள் அந்தத் திருப்பத்தைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறோம், ஒரு நாளும் உள்ளே திரும்பியதில்லை. எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு 7 மணிக்குக் கிளம்பினோம்.

அறிவர் கோயில் குடைவரைக்குப் படிகள் குறைவு. அத்தை பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டார். விதானத்தில் தாமரைக் குளம் தீட்டியிருக்கிறார்கள். 9-ஆம் நூற்றாண்டு ஓவியம். நிறைய உதிர்ந்துவிட்டது. இருப்பதில் மீன், யானை, எருமை, பூப்பறிக்கும் ஆட்கள் எல்லாம் தெரிகிறார்கள். மகன் தரையில் மல்லாந்து படுத்து மீன்களை எண்ணினான். உள்ளறையில் நின்று மெல்ல "ம்ம்ம்" என்று ஒலி எழுப்பச் சொன்னார் காவலர். செய்தோம். ஒலி நம் மார்புக்குள்ளிருந்து வருகிறதா, பாறையிலிருந்து வருகிறதா என்று தெரியாத ஒரு அதிர்வு. அத்தை கண்ணை மூடிக்கொண்டு மூன்று முறை செய்தார். வெளியே வந்த பின்னும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஏழடிப்பட்டம் என்ற குகை இருக்கும் கிழக்குப் பக்கம் அவரால் ஏற முடியாது. நானும் அத்தையும் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டோம். கணவர் பிள்ளைகளைக் கூட்டிப்போய்ச் சமணர் படுக்கைகளையும் தமிழ்ப் பிராமி எழுத்துகளையும் காட்டி வந்தார். இங்கே ஒருவர் கீழே இருக்க நேர்ந்தாலும் அது ஒரு மணி நேரம்தான், துணைக்கு ஆள் உண்டு, நிழல் உண்டு, கையில் முறுக்கு உண்டு. விடுதி அறைக்குள் இரண்டு நாள் தனியாகக் கிடப்பதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம்! மாலை 5 மணிக்கு வீடு. செலவு 1,500 ரூபாய். வண்டியில் இரண்டரை மணி நேரம், ஊரில் 6 மணி நேரம்.

நவம்பரில் மழை விட்டிருந்த ஒரு ஞாயிறு தாராசுரம். போக இரண்டு மணி நேரம். இதை எழுதும்போதுகூட எனக்கு அந்த நாளுக்குத் திரும்பிப் போக ஆசையாக இருக்கிறது. ஐராவதேசுவரர் கோயிலின் முன் மண்டபம் தேர்போலச் செய்யப்பட்டது, சக்கரமும் பாயும் குதிரையும் உண்டு. ஒரே தலையில் யானையும் காளையும் இணைந்த சிற்பத்தில் ஒரு பக்கத்தை உள்ளங்கையால் மறைத்தால் யானை, இன்னொரு பக்கத்தை மறைத்தால் காளை. மகன் இருபது தடவையாவது கையை வைத்து வைத்து எடுத்திருப்பான்.

ஆனால் அன்று எங்களை நடத்திச் சென்றவர் அத்தை. கருவறைச் சுவரின் அடித்தளத்தைச் சுற்றி நாயன்மார் கதைகள் சிறுசிறு பலகைகளாக இருக்கின்றன. ஒரு சாண் உயரம்தான். நாங்கள் வெறும் உருவங்களாகப் பார்த்ததை அத்தை கதையாகப் பார்த்தார். அவர் பிறந்தது திருவாரூர்ப் பக்கம், பெரிய புராணம் கேட்டு வளர்ந்தவர். முதலை வாயிலிருந்து பிள்ளையைச் சுந்தரர் மீட்ட பலகையின் முன்னால் மெல்லக் குனிந்து, "இங்க பாருடா, முதலை வாய்ல பிள்ளை தெரியுதா?" என்றார். மகள் செல்போனை எடுத்துப் பாட்டியின் குரலைப் பதிவு செய்ய ஆரம்பித்தாள். இரண்டு மணி நேரம் அந்த ஒரு சுற்று. வீட்டில் எப்போதும் ஓரமாக உட்கார்ந்திருக்கிறவர் அன்று எங்களுக்கு ஆசிரியர். 2,600 ரூபாய் ஆனது, மதியச் சாப்பாடும் டிகிரி காபியும் சேர்த்து.

இந்த வகைக்குக் குறை இல்லையா? இருக்கிறது. முதலாவது, வெயில். மார்ச் கடைசி முதல் ஜூன் நடுப்பகுதிவரை எங்கள் பக்கத்தில் பகல் பயணம் வேண்டவே வேண்டாம், கருங்கல் தரையில் வெறுங்காலோடு நடக்க முடியாது. இரண்டாவது, பெரும்பாலும் கோயில்களும் குடைவரைகளும்தான். தொடர்ந்து மூன்று கோயில் என்றால் மகள் முகம் மாறிவிடும். மூன்றாவது, வீட்டை விட்டு வந்துவிட்டோம் என்ற உணர்வு வராது. அதே ஞாயிறு இரவில் மாவு அரைத்து, திங்கள் காலைக்குச் சட்டை தேய்க்க வேண்டியிருக்கிறது. சமையலிலிருந்து எனக்கு விடுதலை கிடைத்ததா என்றால், இல்லை.

நீண்ட பயணம்

மே முதல் வாரம் மைசூரு. ஆறு நாள், ஐந்து இரவு, ஒரே வீட்டில் தங்கல். திருச்சி வழியாகப் போகும் மைசூரு எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் இறங்கலாம். முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன் 120 நாளாக இருந்தது. எங்களைப் போலக் கடைசியில் முடிவெடுக்கும் வீடுகளுக்கு இது நல்லதுதான். ஒன்றை மட்டும் சொல்லிவைக்கிறேன்: பெரியவர்களுக்குக் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு வேண்டுமென்றால் அவர்கள் டிக்கெட்டைத் தனியாகப் போடுங்கள். ஐந்து பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் அந்த ஒதுக்கீடு கிடைக்காது. அத்தைக்குத் தனி டிக்கெட் போட்டேன், கீழ்ப்படுக்கை கிடைத்தது. மூத்த குடிமக்கள் சலுகை 2020-இலிருந்து இல்லை என்பதால் முழுக் கட்டணம். ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்டால் அதற்கும் முழுக் கட்டணம்தான்.

மைசூரைத் தேர்ந்ததற்குக் காரணம் அரண்மனை அல்ல. ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கும் வாழ்க்கைப்பட்டு வந்தவர்களுக்கும் தெரிந்த ஒரு கணக்கு உண்டு: காவிரிக்கு நடுவே ரங்கநாதர் கோயில் கொண்ட மூன்று தீவுகள், மூன்று அரங்கங்கள். ஆதிரங்கம் ஸ்ரீரங்கப்பட்டணம், மத்தியரங்கம் சிவசமுத்திரம், கடைசி நம்முடையது. நாற்பத்தைந்து ஆண்டுகளாகக் கடைசி அரங்கத்தில் இருக்கும் அத்தை மற்ற இரண்டையும் பார்த்ததில்லை. "போக முடிஞ்சா பாப்போம்" என்று எத்தனையோ முறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்படிச் சொல்கிறவர்கள் ஒருபோதும் "கூட்டிப்போ" என்று கேட்க மாட்டார்கள்.

முதல் நாள் எங்கும் போகவில்லை. குளித்து, தூங்கி, மாலையில் தேவராஜா மார்க்கெட்டில் மல்லிகைப்பூ வாங்கினோம், அவ்வளவுதான். இரண்டாம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம். ஒரு நாளுக்கு அமர்த்திய வண்டியில் அத்தை முன் இருக்கையில் காலை நீட்டி உட்கார்ந்தார். ரங்கநாதர் சந்நிதியில் அவர் நின்ற நேரத்தை நான் கணக்கு வைக்கவில்லை. தள்ளிவிட ஆள் இல்லை, அவசரப்படுத்த ஆள் இல்லை. அப்புறம் திப்புவின் கோடைகால மாளிகை, 1784-இல் தேக்கு மரத்தால் எழுப்பியது. சுவர் முழுவதும் பொள்ளிலூர்ப் போர் ஓவியம். மகள் அங்கேயே ஒரு மணி நேரம் நின்றாள். திப்பு வீழ்ந்தது 1799 மே 4. நாங்கள் நின்றதும் மே மாதம் என்று அவள்தான் கணக்குப் பார்த்துச் சொன்னாள். மாலையில் சங்கமத்துக்குப் போனோம். தீவைச் சுற்றிப் பிரிந்த காவிரி மறுபடி சேரும் இடம். மகன் கணுக்கால் அளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, "இது நம்ம ஆறா?" என்று கேட்டான். "நம்ம ஆறுதான். நம்மளவிட மேல இருக்கு" என்றார் அத்தை.

நான்காம் நாள் சிவசமுத்திரம். கோயில் நடை சாத்துவதற்குள் போய்விட வேண்டுமென்று காலையிலேயே கிளம்பி, மத்தியரங்கரையும் பார்த்தாயிற்று. மே மாதத்தில் அருவியில் தண்ணீர் இல்லை, பாறைதான் பெரிதாகத் தெரிந்தது. ஆனால் 1902-லேயே இந்த நீரில் மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கவயலுக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று கணவர் சொன்னதும் பிள்ளைகளுக்கு வறண்ட பாறைகூடச் சுவாரசியமாகிவிட்டது. திரும்பும் வழியில் சோமநாதபுரம் கேசவர் கோயில். 2023-இல் பேளூர், ஹளேபீடோடு சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அந்தத் தூண்களைக் கடைசல் இயந்திரத்தில் வைத்துச் சுற்றியதுபோல இழைத்திருக்கிறார்கள். அதைப் பற்றியே தனியாக எழுதலாம், இங்கே வேண்டாம்.

ஐந்தாம் நாள் மழை. வீட்டுக்குள்ளேயே சீட்டு விளையாடினோம். ஒரு நாள் போய்விட்டதே என்று யாரும் பதறவில்லை. குற்றாலத்தில் பத்து மணிவரை காத்திருந்த முகங்கள் பின்னர் நினைவுக்கு வந்தபோதுதான் இதன் மதிப்பு எனக்குப் புரிந்தது.

செலவு 48,000. மொத்தமாகப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். நாளுக்கு 8,000 என்று வகுத்தால் கொடைக்கானலைவிடக் குறைவு. கொடைக்கானல் நாளுக்கு 9,700 ஆனது, அதிலும் உருப்படியான நாள் ஒன்றரைதான். மைசூரில் ரயில் நேரத்தைத் தள்ளிவிட்டால் வண்டியில் 11 மணி நேரம், ஊரில் கால் பட்டது 32 மணி நேரம். ரயிலை ஏன் தள்ள வேண்டும் என்று கேட்கலாம். படுத்துத் தூங்கிய நேரத்தை உட்கார்ந்த நேரத்தோடு சேர்ப்பது நியாயமில்லை. அத்தையின் முழங்காலே அதற்குச் சாட்சி. இறங்கிய காலை அவர் நொண்டவில்லை.

இதன் குறை, பணத்தை ஒரே மாதத்தில் புரட்ட வேண்டும். இருவருக்கும் ஒன்றாக விடுப்பு கிடைக்க வேண்டும். மகள் பத்தாம் வகுப்பு போனால் மேயில்கூடச் சிக்கல் வரும். ஆறு நாளில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் எல்லாம் போச்சு. ஆண்டுக்கு ஒன்றுக்கு மேல் எங்களால் முடியாது.

இரண்டு பயணங்கள் என் கணக்கைக் குழப்பின

இரண்டு நாள், மூன்று நாள் பயணமே கூடாது என்று முடிவுகட்ட இருந்தேன். கொடிக்கரையும் ராமேஸ்வரமும் அப்படி எழுதவிடவில்லை.

பொங்கல் விடுமுறையில் வேதாரண்யம் பக்கத்துக் கொடிக்கரை போனோம். போக 170 கிலோமீட்டர், ஒரு இரவு, 9,000 ரூபாய். கணக்குப்படி சுமாராக இருந்திருக்க வேண்டும். ஆனால் ஐந்து பேரும் நல்ல நினைவோடு திரும்பினோம். சமதளச் சாலை, இரு பக்கமும் சம்பா வயல், நினைத்த இடத்தில் நிறுத்தி அத்தை கால் நீட்ட முடிந்தது. 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி ராஜாஜியும் தொண்டர்களும் உப்பெடுக்கத் திருச்சியிலிருந்துதான் நடக்கத் தொடங்கினார்கள். தஞ்சாவூர், கும்பகோணம் வழியாகப் பதினைந்து நாள் நடந்து வேதாரண்யம் சேர்ந்தார்கள். நம் ஊரிலிருந்து நடந்தே போனார்கள் என்றதும் மகன் வழியெல்லாம், "இங்க வந்தப்ப அவங்களுக்கு எத்தனாவது நாள்?" என்று கேட்டுக்கொண்டு வந்தான். அகஸ்தியம்பள்ளி நினைவுத்தூண் அருகே ஒரு சிட்டிகை உப்பை எடுத்து அவனுக்கு நாக்கில் வைத்தோம். மறுநாள் விடியலில் சரணாலயத்தில் வெளிமான்கள். சேற்றுநிலத்தில் தூரத்தில் ஒரு ரோஜா நிறக் கோடு. கண் பழகியபின் அது பூநாரைக் கூட்டம் என்று தெரிந்தது.

காலாண்டு விடுமுறையில் ராமேஸ்வரம், ரயிலில், இரண்டு இரவு, 14,000. ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்த புதிய பாம்பன் பாலத்தில் ரயில் மெதுவாகப் போகிறது. பக்கத்திலேயே 1914-இன் பழைய பாலம் நின்றது. பழையது நடுவில் இரண்டு கைகளாகப் பிரிந்து மேலே தூக்கும் வகை. புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தாக உயரும். மகன் பாட்டி மடியில் உட்கார்ந்து ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை. மறுநாள் இருட்டோடு கிளம்பி அரிச்சல்முனையில் சூரிய உதயம். திரும்பும்போது இடிந்த தேவாலயத்தின் பக்கம் அத்தை, 1964 டிசம்பர் புயலைப் பற்றித் தன் அப்பா ரேடியோவில் கேட்டுவந்து சொன்னதைச் சொன்னார். அப்போது அவருக்குப் பத்து வயது. ரயிலே கடலோடு போய்விட்டது என்று வீட்டில் யாரும் அன்று சாப்பிடவில்லையாம். இந்தக் கதையை என் கணவரே அதுவரை கேட்டதில்லை.

இந்த இரண்டையும் கொடைக்கானலோடு வைத்துப் பல நாள் யோசித்தேன். தூரம் மட்டும் காரணமில்லை. கொடிக்கரையில் மான்களைப் பார்க்க விடியலில் அங்கே இருந்தாக வேண்டும். அரிச்சல்முனை உதயமும் அப்படியே. அந்த இரவுத் தங்கலுக்கு ஒரு காரணம் இருந்தது. கொடைக்கானலில் நாங்கள் தங்கியது திரும்பி வர முடியாத தூரம் என்பதற்காக மட்டும்தான். மூடுபனி ஏரியில் இறங்கிய அந்த ஒரு காலையைத் தவிர, ராத்திரி தங்கியதற்கு எங்களுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. இப்போதெல்லாம் யாராவது இரண்டு நாள் பயணம் பேசினால் நான் முதலில் கேட்பது, "அங்கே விடியற்காலையில் என்ன இருக்கிறது?" என்பதைத்தான். பதில் வந்தால் போகலாம்.

சுங்கச்சாவடிக்கான ஆண்டு ஃபாஸ்டேக் பாஸ் பற்றியும் வீட்டில் பேச்சு வந்தது. 2025 ஆகஸ்டில் வந்தது, அப்போது 3,000 ரூபாய்க்கு 200 முறை அல்லது ஓராண்டு, தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளுக்கு. நாங்கள் ஆண்டில் சாவடி தாண்டியது 30 முறைக்குள்தான். பக்கத்து ஊர்ப் பயணங்களும் ரயிலும் என்று போனால் அது எங்களுக்குத் தேவையில்லை. வாரா வாரம் சென்னை போய்வருகிறவர்கள் யோசிக்கலாம்.

2026-க்கு எங்கள் முடிவு

ஆகஸ்ட், ஜூலை மாதிரி ஓட்டங்கள் இனி இல்லை. அந்த 43,000-இல் பெரும்பகுதி மே மாதப் பயணத்துக்குப் போகும். நவம்பர் முதல் பிப்ரவரிவரை மாதம் ஒரு பகல் பயணம், இரண்டு மணி நேர வட்டத்துக்குள். திருமயம் கோட்டை, காரைக்குடிப் பக்கத்து வீடுகளும் ஆத்தங்குடி ஓடு செய்யும் இடமும், கங்கைகொண்ட சோழபுரம், பச்சைமலை என்று இன்னும் பார்க்காதவை இரண்டு ஆண்டுக்கு இருக்கின்றன. இரண்டு கோயிலுக்கு ஒரு முறை கோயில் இல்லாத இடம் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அன்று சமையல் கட்டுவது இல்லை, வெளியே சாப்பாடு என்பது எனக்கு நானே கொடுத்துக்கொண்ட வாக்கு.

கணவர் எளிதில் ஒத்துக்கொள்ளவில்லை. மலையை முழுதாக விட்டுவிட முடியாது என்றார். நானும் விடச் சொல்லவில்லை. எனக்கு வருத்தம் அவசரத்தின்மேல்தான், மலையின்மேல் இல்லை. கோயம்புத்தூரில் இருந்தால் ஊட்டி எங்களுக்கும் போய்வரும் ஊராகியிருக்கும். பெரியவர் இல்லாமல் இருவர் மட்டும் என்றால் கொடைக்கானலும் வேறு மாதிரி இருந்திருக்கும், சாதாரண வார நாளில் விடுப்பு எடுத்துப் போயிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். ஆனால் ஐந்து பேரில் ஒருவரை அறையில் விட்டுவிட்டு நால்வர் பார்ப்பதைக் குடும்பப் பயணம் என்று நோட்டில் எழுத எனக்குக் கை வரவில்லை. இதைச் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, அப்ப மே மாசம் மலையாவே இருக்கட்டும், நாலஞ்சு நாள் ஒரே இடத்துல" என்றார்.

எந்த மலை என்பதைத் தீர்த்து வைத்தவன் மகன். மைசூரிலிருந்து வந்த பிறகு ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறந்தார்கள். ஓரிரு நாளில் முக்கொம்புக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் எங்கள் ஊர் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போக வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றான். மணலில் நுரையோடு முன்னேறி வரும் தண்ணீரைப் பார்த்து, "நான் கால் வச்ச தண்ணி வந்துடுச்சு" என்று கத்தினான். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்றிலிருந்து அவனுக்கு ஒரே கேள்வி, இது எங்கே கிளம்புகிறது என்பது.

அதனால் குடகு. மைசூருவரை அதே ரயில், அங்கிருந்து மடிக்கேரி, அங்கே ஐந்து நாள், ஒரு நாள் தலைக்காவிரி. தரைத்தள அறை என்று விடுதியில் எழுத்தில் வாங்கிக்கொள்ளப் போகிறேன். மே 2-ஆம் தேதி ரயிலுக்கு மார்ச் 3-ஆம் தேதி முன்பதிவு திறக்கும். மகள் புது நாட்காட்டியில் அந்தக் கட்டத்தைச் சிவப்பில் வட்டமிட்டு, உள்ளே "காலை 8 மணி, பாட்டிக்குத் தனி டிக்கெட்" என்று எழுதி வைத்திருக்கிறாள்.